எண்ணெய் போட்டு வைத்த துப்பாக்கி

மட்டாஞ்சேரி
28-1-1965

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் ஆரிஃபா அக்காவும் குழந்தை ஜுமைலாவும் சுகம்தானே என்று கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

தேர்தல் வருகிறது. லைசன்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஒப்படைக்கச் சொல்லி உங்கள் பக்கமும் உத்தரவு வந்திருக்கும். வழக்கம்போல் ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். போன தேர்தல் முடிந்து உங்கள் துப்பாக்கி திரும்பி வந்த லட்சணம் ஞாபகம் இருக்கிறதா? குழல் முழுக்கத் துரு. பாலிடெக்னிக் லீவில் வந்த நான்தான் உட்கார்ந்து தேய்த்தேன். ஒழுகுகிற அறையில், நனைந்த லத்திகளோடு சேர்த்துச் சுவரில் சாத்தி வைக்கிறார்கள். கப்பைக் கிழங்கைக்கூட எவனும் அப்படி வைக்க மாட்டான்.

இப்போது இருக்கும் சட்டப்படி லைசன்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலும் ஒப்படைக்கலாம். எர்ணாகுளத்தில் ஒரு கடைக்காரர் எனக்குப் பழக்கம். எங்கள் படகு எஞ்சின் ஒர்க்‌ஷாப்பில் அவருக்குச் சின்னச் சின்ன உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுக்கிறேன். துப்பாக்கியையும் லைசன்ஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். நானே கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, துணி சுற்றி அவரிடம் கொடுக்கிறேன். கொடுத்த மாதிரியே திரும்பி வரும்.

இன்னொன்று. இங்கே பஜாரில் துப்பாக்கி லைசன்ஸ்தாரர் நலச் சங்கம் என்று ஒன்று நடக்கிறது. உங்கள் பெயரை அதில் சேர்த்து, உங்கள் சார்பில் நான் கூட்டத்துக்குப் போகிறேன். "தோக்கே இல்லாதவனுக்கு என்னடா தோக்கு சங்கம்?" என்று அம்மா கேட்கிறாள். தலைவர் வெங்கிடாசலம் மிளகு வியாபாரி. கலெக்டர் வரைக்கும் செல்வாக்கு உள்ளவர். இனி நீங்கள் தனி ஆள் இல்லை.

யோசித்துக்கொண்டு இருக்காமல் கிளம்புங்கள்.

ஜாபர் சாதிக்

முதலமடை
16-2-1965

அன்பு மாப்பிள்ளை ஜாபருக்கு,

உன் மச்சான் கமாலுதீன் ஸலாம் சொல்லி எழுதுகிறேன். ரயிலில் சுகமாக வந்து சேர்ந்தேன். உன் அம்மா கொடுத்துவிட்ட மீன் ஊறுகாய் ரயில் பெட்டி முழுக்க மணத்ததில், எதிரே இருந்த ஒருவர் கூச்சமில்லாமல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆரிஃபாவும் குழந்தையும் நலம்.

துப்பாக்கிக்கு நீ எண்ணெய் போட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி இருந்தது. அந்த விஷயத்தில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இங்கே எல்லோரும் கொல்லங்கோடு ஸ்டேஷனில்தான் கொடுத்தார்கள். சந்தையில் கீழ்த் தோட்டத்து வீரபாண்டி என்னைப் பிடித்துக்கொண்டான். "ராவுத்தரே, எங்க தோக்கெல்லாம் இங்கயே கிடக்கு. உங்க தோக்கு மட்டும் பட்டணத்துக்குப் படிக்கப் போயிருக்கோ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மனதில் ஒன்று இருக்கிறது, எழுதிவிடுகிறேன். ஸ்டேஷன் ரைட்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். வாழைத்தார் கொண்டுபோய்க் கொடுத்தால் வீட்டு விசேஷம் கேட்பார். எர்ணாகுளத்தில் என்னை யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியும், அது போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மலையிலிருந்து பன்றி இறங்க ஆரம்பித்துவிட்டது. பின்பக்கத்துக் கப்பையில் பாதி போய்விட்டது. தகரம் தட்டுகிறோம். முதலில் பயந்தது. இப்போது பழகிவிட்டது, கல்யாண வீட்டுக் கொட்டுக்கு வருவது போல வருகிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

கமாலுதீன்

மட்டாஞ்சேரி
30-3-1965

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். அம்மா சுகம், நானும் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் அம்மா துஆ செய்கிறாள்.

தேர்தல் கூத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். எங்கள் சங்கத்துக்கு வேண்டியவரான ராமபத்ரன் ஜெயித்தார். மாலை போட்டோம், பட்டாசு கொளுத்தினோம். மாலை வாடுவதற்குள் சட்டசபையே கலைந்துவிட்டது. ஜெயித்தவருக்கு உட்கார நாற்காலி இல்லை. ஆனாலும் எம்.எல்.ஏ. என்றே கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

அவருக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தைச் சொல்ல வேண்டும். காலையில் எங்கள் சங்கத்தில் பேசினார்: "துப்பாக்கி இல்லாத விவசாயி வேலி இல்லாத வயல்!" நான்கூடக் கை தட்டினேன். சாயங்காலம் ஜீவகாருண்ய சபைக்காரர்களும் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். என்னதான் பேசுகிறார் பார்ப்போம் என்று அங்கேயும் போனேன். "காட்டுப் பன்றிக்கும் ஓர் உயிர் உண்டு, அதற்கும் வயிறு உண்டு" என்று கண் கலங்கினார். கீழே இறங்கும்போது என்னைப் பார்த்துவிட்டார். கொஞ்சமும் அசரவில்லை. "எந்தா ஜாபரே, ரெண்டு கூட்டமும் ஜோராயில்லே?" என்று தோளில் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். எஞ்சின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுற்றினால் அச்சு முறியும். இவர்களுக்கு முறிவதில்லை.

தலைவர் வெங்கிடாசலம் பரவாயில்லை. நம் துப்பாக்கியைத் திரும்ப வாங்குவது தன் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார். போன வாரம் அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைத்துத் தரச் சொல்லி ஆள் அனுப்பினார். என்ன வேலைப்பாடு தெரியுமா! குழலில் கரிதான் நிறைய இருந்தது. பளிங்கு மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். சந்தோஷப்பட்டார். இப்படிப்பட்ட மனிதரின் பழக்கம் நமக்கு நல்லது.

கப்பை போனால் போகட்டும். நிலக்கடலை விதைப்பதற்குள் துப்பாக்கி உங்கள் கையில் இருக்கும்.

ஜாபர் சாதிக்

முதலமடை
19-4-1965

அன்புள்ள தம்பி ஜாபருக்கு,

அக்கா ஆரிஃபா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம். அம்மாவின் முழங்காலுக்கு நொச்சி இலை வதக்கிக் கட்டச் சொல்லியிருந்தேனே, கட்டுகிறாயா, இல்லை சங்கம் சங்கம் என்று அலைகிறாயா? உன் தமிழில் பாதி மலையாளம் கலந்து கிடக்கிறது. ஆனாலும் படித்துவிட்டேன்.

ஸ்டேஷனில் இருந்த துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீரபாண்டிக்கு வந்துவிட்டது. எதிர்த் தோட்டத்துக்காரருக்கும் வந்துவிட்டது. துருப்பிடித்துத்தான் வந்திருக்கிறது. ஆனால் வந்துவிட்டது.

உன் மச்சான் ஸ்டேஷனுக்குப் போனார். "உங்க தோக்கு இங்க இல்லையே ராவுத்தரே" என்று ரைட்டர் கையை விரித்தார். தாலுகா ஆபீஸுக்குப் போனார். கடை இருப்பது வேறு ஜில்லா, அங்கே இருந்து கடுதாசி வர வேண்டும் என்கிறார்களாம். வெயிலில் நடந்து வந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். லைசன்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு என்று நீதானே எழுதினாய்? மார்ச் மாதம் எல்லாத் துப்பாக்கியும் உள்ளே இருக்கும்போது உன் தலைவரின் துப்பாக்கி எப்படி வெளியே இருந்தது? சுடாத துப்பாக்கியில் கரி எப்படி வந்தது? எனக்கு எஞ்சின் தெரியாது. அடுப்புத் தெரியும். எரித்தால்தான் கரி.

பதில் எழுது.

ஆரிஃபா

மட்டாஞ்சேரி
3-5-1965

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நொச்சி இலை கட்டுகிறேன். அம்மா இப்போது பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த மறுநாளே லீவு போட்டுவிட்டு இங்கே கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். குமாஸ்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கடை இங்க, லைசன்ஸ் அங்க. நான் எப்படி விட?" என்றான். "அங்க கேட்டா இங்க போகச் சொல்றாங்களே!" என்றேன். "அப்ப ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றோம்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டான். மேஜையைக் கவிழ்த்திருப்பேன். இரும்பு மேஜை.

கடைக்காரர் மேல் தப்பில்லை. துப்பாக்கி கண்ணாடி அலமாரியில் நான் சுற்றிய துணியோடு அப்படியே இருக்கிறது. உத்தரவு இல்லாமல் அவர் கொடுத்தால் அவருடைய கடை போய்விடும்.

சங்கத்தில் கத்திப் பார்த்தேன். நம்மைப் போல் கடையில் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோரும் வெளியூர் விவசாயிகள். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள். "ஊர்வலம் போவோம், கலெக்டர் வாசலில் உட்காருவோம்" என்றேன். தலைவர் சிரித்தார். "எடா ஜாபரே, சர்க்காரோட சண்டைக்குப் போனா நாளைக்கு எல்லாருக்கும் லைசன்ஸ் போகும். மகஜர் கொடுத்திருக்கோம். க்ஷமை வேணும்டா, பொறுமை" என்றார். அந்த மகஜரை நான் படித்தேன். முதல் பக்கம் முழுக்கச் சங்கத்தின் பெருமை. அடுத்த பக்கம் தோட்டா விலையைக் குறைக்கச் சொல்லி. நம் விஷயம் கடைசியில், "மேலும்" என்று ஆரம்பித்து ஒரே ஒரு வரி.

நீ கேட்டிருந்த விஷயம் வேறு. நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு அவரை விட்டால் நமக்கு வேறு ஆள் இல்லை.

மச்சானைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.

ஜாபர்

முதலமடை
8-6-1965

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஸலாம். அல்லாஹ் அருளால் நல்ல மழை. நிலக்கடலை விதைத்தாயிற்று. உன் வேலை எப்படிப் போகிறது? அம்மா நடமாடுகிறார்கள் என்று கேட்டுச் சந்தோஷம்.

விதைத்த ராத்திரியே பன்றி வந்து வரிசை வரிசையாகக் கிளறிவிட்டுப் போயிற்று. கணக்கப்பிள்ளை மாதிரி, ஒரு வரிசை விடாமல். மறுபடி விதைத்தேன். வீரபாண்டி இரண்டு நாள் தன் துப்பாக்கியோடு வந்து காவல் இருந்தான். அவனுக்கும் தோட்டம் இருக்கிறது. தினமும் கூப்பிட முடியுமா? துப்பாக்கியை இரவல் கொடுத்தால் அவன் லைசன்ஸ் போகும், நானும் கேட்கவில்லை.

ஆரிஃபா தகரம் அடிக்கப் போனவள் விழுந்துவிட்டாள். பன்றி திரும்பி நின்றதாம். காலில் லேசான காயம், ஆறிவிட்டது. உனக்கு எழுத வேண்டாம் என்றாள், எழுதிவிட்டேன்.

மாப்பிள்ளை, நீ படித்தவன், உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் கேட்கிறார். கொல்லன் ஒருத்தன் தண்ணீர்க் குழாயை வைத்துத் துப்பாக்கி செய்து தருகிறானாம். மலைப்பக்கம் சிலர் வைத்திருக்கிறார்களாம். அந்தக் குழாய் தாங்குமா? குழாயில் தடிமன் என்று பார்த்து வாங்கினால் சரியாக இருக்குமா? அவருக்குச் சொல்ல வேண்டும், அதனால் கேட்கிறேன்.

உன் தலைவரிடம் இன்னொரு தடவை ஞாபகப்படுத்து. கோபப்படாமல் பேசு.

கமாலுதீன்

மட்டாஞ்சேரி
14-6-1965

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். அக்காவின் காலை டாக்டரிடம் காட்டினீர்களா? காட்டாவிட்டால் உடனே காட்டுங்கள். இங்கே நாங்கள் சுகம்.

உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மூளை இருக்கிறதா? தண்ணீர்க் குழாய் தண்ணீருக்கு. துப்பாக்கிக் குழல் வேறு இரும்பு, வேறு வேலை. குழாய் என்பது தகட்டை வளைத்து ஒட்டிச் செய்வது, ஒட்டிய இடத்தில் தையல் உண்டு. முதல் வெடிக்குத் தாங்கும். அதை நம்பி அடுத்ததும் சுடுவான். மூன்றாவதில் பிளக்கும். தடிமனைப் பார்த்து வாங்குவதாம்! தடி மனிதன் எல்லாம் பயில்வானா? கொல்லனுக்கு இரும்பு தெரியும், அழுத்தம் தெரியாது. தவிர, போலீஸ் பிடித்தால் நேரே ஜெயில். அந்த ஆளை நம் வீட்டுப் பக்கம் சேர்க்காதீர்கள்.

இங்கே நல்ல சேதி. சங்கத்தின் ஆண்டு விழா வருகிறது. ராமபத்ரன் திருவனந்தபுரம் போய் ஒரு பெரிய அதிகாரியைப் பார்த்திருக்கிறார். நம் வேலை முக்கால் பங்கு முடிந்தது என்று தலைவர் சொல்கிறார். முக்கால் முடிந்த வேலை என்று எங்கள் தொழிலில் ஒன்று கிடையாது. ஓடும், அல்லது ஓடாது. இருந்தாலும் நம்புகிறேன். என்னைத் துணைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள்.

இன்னும் கொஞ்சம்தான். பொறுங்கள்.

ஜாபர் சாதிக்

முதலமடை
21-7-1965

தம்பிக்கு,

அக்காவின் ஸலாம். எல்லோரும் இருக்கிறோம். மச்சானுக்கு வேலை அதிகம், எழுத முடியவில்லை. கோயம்புத்தூர் வரை போய் வர வேண்டி இருந்தது. அதனால்தான் உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை.

என் கால் நன்றாக ஆறிவிட்டது. கடலை இந்த வருஷம் அவ்வளவாக இல்லை.

மச்சான் கடிதம் எழுதினார் என்றே அம்மாவிடம் சொல். விழா, வேலை எல்லாம் இருக்கும், அதனால் நீ இப்போது இங்கே வர வேண்டாம்.

ஆரிஃபா

மட்டாஞ்சேரி
10-8-1965

அன்புள்ள மச்சானுக்கும் அக்காவுக்கும்,

ஸலாம், ஸலாம், இன்னும் ஒரு ஸலாம். அம்மா சுகம். நீங்கள் இருவரும் இப்போதே பெட்டி கட்டுங்கள்.

உத்தரவு வந்துவிட்டது! கடையில் மாட்டிக்கொண்ட எல்லாத் துப்பாக்கியையும் விடச் சொல்லிக் கடுதாசி. 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா. மேடையில் வைத்து ராமபத்ரன் தன் கையாலேயே சொந்தக்காரர்களிடம் கொடுப்பார். போட்டோ உண்டு. இந்த மேடை, மாலை எல்லாம் எனக்குப் பிடிக்கவில்லைதான். கடையில் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். "சங்கம் செஞ்ச காரியம் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?" என்கிறார் தலைவர். போகட்டும், துப்பாக்கி வந்தால் சரி.

சொந்தக்காரர் நேரில் வந்தே ஆக வேண்டும். லைசன்ஸ் புத்தகத்தில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் கடைக்காரர் விடுவார். மச்சான் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். மூன்று வரி எழுத நேரம் இல்லாத அளவுக்கு என்ன வேலை மச்சான் உங்களுக்கு? கோயம்புத்தூரில் என்ன? போன கடிதத்தில் அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை, அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. நேரில் வந்து திட்டச் சொல்லுங்கள்.

ஜாபர்

முதலமடை
16-8-1965

அன்பு மாப்பிள்ளைக்கு,

கமாலுதீன் ஸலாம். நான் சொல்ல ஆரிஃபா எழுதுகிறாள். அவளுக்கு இதை எழுதப் பிடிக்கவில்லை. நான்தான் எழுதச் சொன்னேன்.

பக்கத்துத் தோட்டத்தில் யாரும் கேட்கவில்லை. எனக்காகத்தான் கேட்டேன். உன் பதில் வருவதற்கு முன்பே கொல்லனிடம் சொல்லிவிட்டேன். பதில் வந்தபோது அது வீட்டில் இருந்தது. மூன்றாவதில் பிளக்கும் என்று எழுதியிருந்தாய். மூன்றாவது தாங்கியது. நாலாவதும் தாங்கியது. அதனால் உன் படிப்பு மேல் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. ஐந்தாவது, பன்றி எதிரே நிற்கும்போது, என் பக்கம் வெடித்தது.

வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டும் இல்லை. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், கிணறு வெட்ட வைத்த வெடி என்று சொன்னோம். நர்ஸ் என்னைப் பார்த்தாள், ஆரிஃபாவைப் பார்த்தாள், அப்படியே எழுதிக்கொண்டாள். உடைந்ததைக் கிணற்றில் போட்டாயிற்று. கொல்லன் பெயரை யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

ஆகவே நான் எப்படி வந்து கையெழுத்துப் போடுவது? போலீஸும் நிற்கும் மேடையில் இந்தக் கையை நீட்டி எப்படித் துப்பாக்கியை வாங்குவது? கையில் அடிபட்டிருக்கிறது, வர முடியவில்லை என்று மட்டும் உன் தலைவரிடம் சொல். வேறு வழி இருக்கிறதா என்று கேள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அம்மாவிடமும் சொல்லாதே.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இதை எழுதும்போது ஆரிஃபா பேனாவை நிறுத்திவிட்டாள். இரண்டு தடவை சொல்லி எழுத வைத்தேன்.

கமாலுதீன்

மட்டாஞ்சேரி
24-8-1965

மச்சானுக்கும் அக்காவுக்கும்,

ஸலாம். நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதை மட்டுமே தலைவரிடம் சொன்னேன். கையில் அடி, கையெழுத்துப் போட முடியாது, என்னைப் போட விடுங்கள் என்றேன். அவர் மிளகு பார்த்து வளர்ந்த மனிதர். கையில் எடுக்காமலே எடை தெரியும். "எந்தக் கை? எப்ப அடி?" என்றார். நான் மேஜையில் இருந்த விழா நோட்டீஸ்களை அடுக்க ஆரம்பித்தேன். "சரி, சரி" என்று எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஒரு தீர்மானம் வாசித்தார். கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவர்களை இந்தச் சங்கம் கண்டிக்கிறது, அப்படிப்பட்டவர்களுக்கும் சங்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயர் இல்லை. வாசித்து முடிக்கும் வரை என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். துணைச் செயலாளர் வழிமொழிய வேண்டும் என்று மைக்கை என் பக்கம் நீட்டினார்கள்.

வாங்கினேன். "மார்ச் மாசம் எல்லாத் தோக்கும் உள்ள இருந்தப்ப தலைவரோட இரட்டைக்குழல் எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"உட்காருடா" என்றார் தலைவர்.

"துடைச்சவன் நான். சுட்டு ரொம்ப நாள் ஆகாத கரி. எந்த உத்தரவில சுட்டீங்க?"

பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஜெயிச்ச அன்னைக்குத் தாராவைச் சுட்டுக் கறி வச்சாங்களே, அந்தத் தோக்குதான்!" என்று கத்தினான். சபை முழுக்கச் சிரிப்பு. ராமபத்ரன் சிரிக்கவில்லை. அந்த வாத்துக் கறியைச் சாப்பிட்டவர் அவர். பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், முக்கியஸ்தர்கள் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தேர்தலுக்கு முன்பே சங்கம் தனியாக ஓர் அனுமதி வாங்கி வைத்திருந்ததாம். நாலு பேருக்கு மட்டும். அதைக் கேட்டு வாங்கப் போனபோது உங்களுக்கும் சேர்த்துக் கேட்டிருந்தால் அவர்களுக்கு என்ன குறைந்திருக்கும்?

இரண்டு பேர் என்னைக் கையைப் பிடித்து வெளியே விட்டார்கள். சங்கத்தில் நம் பெயரை அடித்துவிட்டார்கள். மற்றவர்கள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். நம்முடையது கடை அலமாரியில்தான் இருக்கிறது. சொந்தக்காரர் வராமல் தர முடியாது என்கிறார் கடைக்காரர்.

எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை அங்கே வருகிறேன்.

ஜாபர்

முதலமடை
30-8-1965

தம்பி ஜாபருக்கு,

அக்கா ஆரிஃபா எழுதுவது. மச்சான் உடம்பு தேறி வருகிறது. இடது கையால் சோறு பிசையப் பழகிவிட்டார். தனியாக இருக்கும்போது மட்டும்தான் பிசைகிறார். அம்மாவை நல்லபடியாகப் பார்த்துக்கொள்.

நீ மேடையில் கேட்டது நியாயமான கேள்வி. அதை மார்ச் மாதம் கேட்டிருக்க வேண்டும். நான் ஏப்ரலில் கேட்டேன். நேரில் சொல்வதாக எழுதினாய். இது பற்றி இனி நான் பேச மாட்டேன், நீயும் பேசாதே.

வெள்ளிக்கிழமை நானும் மச்சானும் பாலக்காட்டுக்குப் போனோம். அந்தத் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றி எனக்கு லைசன்ஸ் கொடுங்கள் என்று மனுக் கொடுத்தேன். வீரபாண்டி சாட்சிக்கு வந்தான். வழியெல்லாம், "ராவுத்தரம்மா, நீங்க தோக்கெடுத்தா பன்றி மட்டுமா ஓடும், நாங்களும் ஓடணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். உன் மச்சான் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

அதிகாரி வயசானவர். மனுவைப் படித்துவிட்டு, முக்காட்டோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"உனக்கு எதுக்கும்மா தோக்கு?"

"கடலைக்கு, சார்."

"வீட்டுல ஆம்பளை இருக்காரே."

உன் மச்சான் மூடியிருந்த துண்டை எடுத்துவிட்டுக் கையை மேஜை மேல் வைத்தார். அதிகாரி எப்படி ஆயிற்று என்று கேட்டார். கிணற்று வெடி என்றார் மச்சான். அதிகாரி நம்பினாரா தெரியாது. அதற்குப் பிறகு என்னிடம்தான் பேசினார்.

"பன்றி எதிர்ல வந்தா பயந்து தோக்கக் கீழ போட்டுட்டு ஓடமாட்டியே?"

"வெறுங்கையோட எதிர்ல நின்னிருக்கேன், சார்."

"பிடிக்கத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

பொய்தான். அடுத்த மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டு, பிடித்துக் காட்டச் சொல்வார்களாம். வீட்டுக்கு வந்ததும் உலக்கையைத் துப்பாக்கி மாதிரி எடுத்துக்கொண்டு நின்றேன். மச்சான் சொல்லித்தர வந்தார். இப்படி என்று காட்ட வலது கையைத் தூக்கினார். பிறகு இறக்கிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவரிடம் இனி நான் கேட்க மாட்டேன்.

சனிக்கிழமை நீ வர வேண்டாம். வந்தால் அழுவாய், அவர் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அதற்கு அவருக்கு இப்போது தெம்பு இல்லை. வா என்று நான் எழுதும்போது வா.

துப்பாக்கிக் கட்டை தோளில் எந்த இடத்தில் உட்கார வேண்டும், கன்னம் எங்கே, இடது கை எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும், மூச்சை எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்பு. புரிகிற தமிழில் எழுது. அதைத் தவிர வேறு எதையும் எழுதாதே.

ஆரிஃபா